புத்தகத்தில் இல்லாத நாலு வரி

வியன்னா,
ஞாயிறு காலை, 16 பிப்ரவரி 1913

என் கணவர் கயேட்டானுக்கு, ஒட்டிலி எழுதுவது.

நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். பெர்லினில் உங்களுக்கென்ன குறை? கம்பளி உள்சட்டை இரண்டும் தனிப் பொட்டலமாக வருகிறது. ஒத்திகை முடிந்த வியர்வையோடு தெருவில் இறங்காதீர்கள். உங்கள் பியானோ மூடிக்கிடப்பதால் மாடிவீட்டுக்காரி நிம்மதியாகத் தூங்குகிறாளாம். அதை என்னிடமே வந்து சொல்கிறாள், மகராசி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெஃபி செவ்வாய்க்கிழமை ரயிலில் அங்கே வருகிறாள். நம் கொட்டகை முதலாளி தந்தி கொடுத்திருப்பார். ஆனால் அவள் வரக்கூடாது என்பதற்காக நான் என்ன செய்தேன் என்பது தந்தியில் இருக்காது. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ‘உப்புக்கடைச் சீமாட்டி’ இசை நாடகத்தில் அந்தச் சீமாட்டி வேஷத்தைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் முதன்முதலில் கட்டியவள் நான். தொண்டை போனபிறகு அதே மேடையின் விளிம்பில், குழிக்குள் உட்கார்ந்து, பாடுகிறவர்கள் மறந்தால் அடியெடுத்துக் கொடுக்கிறேன். புருன் ஊரிலிருந்து நேற்று வந்த பெண், என் பச்சைப் பாவாடையை இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு என் தலைக்கு நேரே ஆடுகிறாள். குழியிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது அவளுடைய கணுக்கால். நல்ல கணுக்கால்தான், இல்லையென்று சொல்லவில்லை. வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

இதே நாடகத்தின் வாத்தியக் குழுவை நடத்தப் பெர்லின் போய் இறங்கிய மறுநாளே கடிதம் போட்டீர்களே, எனக்கல்ல, முதலாளிக்கு! அங்கே கதாநாயகி சரியில்லை, ஸ்டெஃபியை அனுப்புங்கள் என்று. பெர்லினிலிருந்து ஆள் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் அனுப்புகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஆள் நேற்று மதியக் காட்சிக்கு வந்து மேடையோர மாடத்தில் உட்கார்ந்தார். உடை மாட்டிவிடும் ட்சென்ட்சி அம்மாள் என் காதருகே வந்து, “ஒம் புருஷனும் பெர்லின்ல, இவளும் பெர்லின்ல, நீ மட்டும் குழிக்குள்ளயா? நல்லா இருக்குடி நாயம்!” என்றாள். நான் சிரித்தேன். சிரிப்பு வரவில்லை, சிரித்தேன்.

முதல் இரண்டு அங்கமும் அவள் ஒரு சொல்லுக்குக்கூட என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவதில் உப்புப் பாட்டு. முடிந்ததும் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினார்கள். நாலு வரியில் கூடுதல் அடி ஒன்றைப் பாடினாள். மறுபடியும் ‘ஒன்ஸ்மோர்’. நாடகப் புத்தகத்தில் இன்னும் ஒரு அடிதான் உண்டு. போலீஸ் தணிக்கையில் முத்திரை குத்திக் கொடுத்ததே அவ்வளவுதான். அந்த அடி அவளுக்கு மறந்துவிட்டது. உங்களுக்குப் பதிலாகக் கோல் பிடிக்கிற பிஹ்லர் அடிக்கு முன்னால் வரும் இசையையே திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறார். இவள் கண்ணை உருட்டிக்கொண்டு குழியைப் பார்க்கிறாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பழி என்மேல் விழும். எடுத்துக் கொடுக்கிறவள் தூங்கிவிட்டாள் என்பார்கள். தப்பான அடியை எடுத்துக் கொடுத்தால் திணறப் போவது அவள், பேர் கெடப் போவதும் அவளுக்கு. அந்த அடியின் முதல் சொல்லான “திங்கட்கிழமை”யைக் கொடுக்க வேண்டிய இடத்தில், “மூக்குக் கண்ணாடி” என்று கொடுத்தேன்.

அது எந்த அடி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நம் கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலத்தில், அதே மெட்டில், நீங்கள் எனக்காக எழுதிய நாலு வரி. தணிக்கைக்குப் போகாதது, எந்தப் புத்தகத்திலும் ஏறாதது, நம் சமையலறையைத் தாண்டி நான் ஒருநாளும் பாடாதது. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்ததை இவள் எப்படிப் பாடுவாள், முதல் சொல்லோடு நிற்பாள் என்று நினைத்தேன்.

அவள் முகம் மலர்ந்தது, கயேட்டான். ‘அட, இதுவா!’ என்கிற மாதிரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பாடினாள்:

மூக்குக் கண்ணாடிக்காரன் ஒருத்தன்
முன்னே நின்று கோலை ஆட்டுவான்;
முத்தம் என்றால் மட்டும் அதைக் கழற்றி
மூலையில் வைத்துத் தடுமாறுவான்.

நாலு வரியும் பாடினாள். ‘கழற்றி’ என்ற இடத்தில் அரை மூச்சு நிறுத்த வேண்டும் என்று என்னைப் பத்துத் தரம் பாட வைப்பீர்களே, அந்த அரை மூச்சும் தப்பவில்லை. கொட்டகையே அதிர்ந்தது. கண்ணாடியே போடாத பிஹ்லர் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். காவலுக்கு வந்து உட்கார்ந்திருந்த தணிக்கைக்காரர்கூட விழுந்து விழுந்து சிரித்தார். பெர்லின் ஆள் எழுந்து நின்று கை தட்டினார்.

திரை விழுந்ததும் குழிக்குக் குனிந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “ஒட்டிலியக்கா, நீங்க மட்டும் இல்லேன்னா செத்தேன்! ஆமா, அந்த அடி ஒங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குன்னே எழுதினது, யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாரே!” என்றாள். அவள் முகத்தில் துளி கள்ளமில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. “குழிக்குள்ள இருக்கிறவளுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லடி” என்று சொல்லி அனுப்பினேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான்.

எத்தனை வாரமாக, எந்த அறையில், என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீங்கள் பதில் எழுதுவீர்கள், அதையும் நான் படிக்க வேண்டும். அந்தப் பெண்ணைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொன்னதை நம்பினாள். அவள் வயதில் நானும் நம்பினேன்.

மூன்றாம் அங்கத்தில் அவளுக்குத் தடுமாற்றம் வரும். அங்கே குழியில் இருப்பவளிடம் ஒரு மூச்சு முந்தியே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வேஷம் அவளுக்கே இருக்கட்டும், பாவாடையும் இருக்கட்டும். நீங்கள் எப்போது திரும்புவது என்பதும் உங்கள் இஷ்டம்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த நாலு வரியை மட்டும் அவளை அங்கே பாட விடாதீர்கள். தணிக்கையில் இல்லை, அபராதம் போடுவார்கள் என்று சொல்லுங்கள். பொய் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

ஆண்டவர் உங்களை நல்லபடியாக வைக்கட்டும்.

இன்னும் உங்கள் மனைவி,
ஒட்டிலி