கூரைக்கு ஊற்றிய தண்ணீர்

தாரண வருடம், சித்திரை மாதம் இருபதாம் தேதி
ஜெலாப்பாங் தோட்டம், மூன்றாவது லயம்

சித்தியவானில் கடற்காற்றோடு குடியிருக்கும் சம்பந்தி கார்த்திகேசு அவர்களுக்கு, தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருக்கும் சடையன் சொல்லி எழுதுவது.

இங்கு நான் நலம். அங்கு என் மருமகள் மங்களமும் பேத்தி ராக்காயியும் நலமா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே உப்புக்காரப் பழனியப்பன் வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அடுத்த தடவை வரும்போது அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புவேன். தபாலில் போட்டால் நம்மை ஆளுகிறவர்கள் பிரித்துப் படிப்பார்கள். படிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் எழுதித் தருகிற வாத்தியார் மகள் நவமணிக்குப் பயம்.

உங்களுக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்றாம் வகுப்பு படித்த மங்களம்தான் இதை உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். அது தெரிந்துதான் சொல்கிறேன்.

பழனியப்பன் போன வாரம் சைக்கிளில் கருவாட்டு மூட்டையோடு வந்தான். டயருக்குப் பதில் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டிய சைக்கிள். பல் ஆடுகிறது என்று அதைத்தான் முதலில் திட்டினான். அப்புறம் ஆரம்பித்தான். "பெரியவரே, ஒங்க சம்பந்தி வூடு வூடா அது? சொர்க்கம்லா! அத்தாப்பு ஓலக் கூர, சுத்தித் தென்ன மரம், மூணு மணி ஆனா சிலுசிலுன்னு காத்து. பழைய வலையில தூளி கட்டி, ஒங்க பேத்திய அதுல போட்டு ஆட்டுறாரு. கெணத்துத் தண்ணி தலையில ஊத்துனா புள்ள குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது. வேர்க்குரு ஒண்ணுகூட இல்ல. தாத்தா தாத்தான்னு அவரு காலயே சுத்துது."

அவனுக்குக் குடிக்கக் கொடுத்த வரக்கோப்பியைப் பாதியில் பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. அந்தப் பிள்ளை வாய் திறந்து முதன்முதலில் தாத்தா என்றது என்னைப் பார்த்து. போன பங்குனிக்கு முந்தின பங்குனியில், இந்த லயத்து வரிசை வீட்டு வாசலில், கோழிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே சொன்னது. அந்தக் கோழியின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. செவலை.

கடல் பக்கத்துக் கிணறு உப்புக் கரிக்கும் என்று நாலு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் கிணறு எப்படியோ. தென்னை மரத்தடியில் தூளி கட்டியிருக்கிறீர்களே, தேங்காய்க்குக் கண் இருக்கிறதா? கொஞ்சம் பார்த்துக் கட்டுங்கள்.

சம்பந்தி, ஆறு வருடத்துக்கு முன்னால் மங்களத்தைக் கொடுப்பதற்கு முன் எங்கள் வீடு பார்க்க வந்தீர்கள். வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. தாழம்பாய் விசிறியால் விசிறிக்கொண்டு, "என்னா சம்பந்தி, ஒங்க லயத்துக்குக் காத்து வர பர்மிட் வேணுமா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த விசிறிக்குச் சிவப்புக் கரை போட்டிருந்தது. நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

ஆனால் அன்றைக்கு எங்கள் லயம் இப்படி வேகவில்லை. சன்னலை ஒட்டி ரப்பர் மரம் வரிசையாக நின்றது. கன்றாக இருக்கும்போது குழி வெட்டி நட்டவன் நான். பத்தொன்பது வருடம் பால் எடுத்தவனும் நான். மத்தியானம் கூரை மேல் வெயில் விழாது, இலைதான் விழும்.

அந்த மரங்கள் இப்போது இல்லாததற்கு நான் என்ன காரணம் சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். நிர்வாகத்தில் வெட்டச் சொன்னார்கள், மரவள்ளி நடச் சொன்னார்கள், நாங்கள் என்ன செய்வது என்றேன். மாசி மாதம் நீங்கள் வந்தபோது பிள்ளையின் முதுகு முழுக்க வேர்க்குரு, தலையில் சூட்டுக் கொப்புளம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மேற்கே, தோட்ட ஆபீஸ் பக்கம் கையைக் காட்டி அந்தக் கதையைச் சொன்னேன். "வெயில் தணியற வரைக்கும் எங்கூட இருக்கட்டும்" என்று அழைத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு இங்கே மழை மூன்று முறை பெய்துவிட்டது. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நானும் சும்மா இருக்கவில்லை என்பதை மங்களம் கேட்கட்டும். லாலான் புல்லை அறுத்து, முடைந்து, தகரத்தின் மேல் இரண்டு அடுக்குப் போட்டிருக்கிறேன். சுரைக்கொடியைச் சுவரோரம் நட்டுக் கூரைக்கு ஏற்றிவிட்டேன். பாதிக் கூரை மூடிவிட்டது, மூன்று பிஞ்சு தொங்குகிறது. பால் வெட்டு நின்றுபோனதால் பால் வாளி இரண்டு சும்மா கிடந்தது. மத்தியானம் அதில் ஓடைத் தண்ணீர் மொண்டு ஏணி வைத்து ஏறிக் கூரையில் ஊற்றுகிறேன். முதல் வாளிக்குத் தகரம் சீறும், மூன்றாவது வாளிக்கு அடங்கும். பக்கத்து வீட்டு இருளாயி கீழே நின்றுகொண்டு, "என்னா பெரியவரே, கூரைக்குக் காய்ச்சலா? கசாயமும் வச்சுக் குடுங்களேன்" என்கிறாள். சிரிக்கட்டும். சாயங்காலம் அவள் வீட்டு ஆட்கள் என் வாசலில்தான் வந்து உட்காருகிறார்கள்.

சன்னலுக்கு ஈரச் சாக்குத் தொங்கவிட்டால் வருகிற காற்று குளிர்ந்து வரும் என்று கங்காணி சொன்னார். துணி கிடைக்காமல் சனங்கள் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற காலம் இது. சன்னலுக்குச் சாக்கு எங்கே கிடைக்கும்? பழனியப்பனிடம் கெஞ்சி ஒன்று வாங்கினேன். கருவாட்டுச் சாக்கு. நனைத்துத் தொங்கவிட்ட அரை மணி நேரத்தில் மூன்று லயத்துப் பூனையும் என் சன்னலை நக்கிக்கொண்டு நின்றது. பிறகு ஓடையில் நாலு நாள் ஊறப்போட்டு அலசிவிட்டேன். இப்போது வாடை இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

இந்த இடத்தில் நவமணி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "தாத்தா, இவ்வளவும் செய்றீங்க. அந்த மரத்த யாரு வெட்டுனான்னு எழுதலயே. சும்மாலா அவங்களக் கோவிச்சிக்கிறீங்க" என்றாள். மரம் விழுந்தபோது அவள் ஓடைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தவள். எழுது, அதையும் எழுது என்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தி, நிர்வாகம் வெட்டச் சொன்னது உண்மை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஆறு மரம் மட்டும் போதும் என்றுதான் சொன்னது. நான் வெட்டியது பத்து. ஆவணியில் இருளாயி வீட்டில் வெட்டி நட்ட மரவள்ளி ஆள் உயரம் வந்துவிட்டது. அவள் கிழங்கு நம்முடைய கிழங்கைவிடப் பெருத்துவிடுமே என்று எனக்கு வயிறு எரிந்தது. கார்த்திகை மாதம் கோடரியை எடுத்தேன். மங்களம் ஓடி வந்து, "மாமா, சன்னல் பக்கத்து நாலு மரத்த மட்டும் விட்டுருங்க. மத்தியானம் புள்ளைக்கு அதான் நெழலு" என்று சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். என் காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. அந்த நாலு மரத்து மண்ணில் வந்த கிழங்கு நார் நாராக இருந்தது, வேகவே இல்லை.

பிள்ளையின் முதுகிலும் தலையிலும் இருந்ததெல்லாம் நான் வைத்த சூடு. உங்களிடம் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பழனியப்பன் பேச்சிலிருந்தே தெரிந்துகொண்டேன். சொல்லியிருந்தால் இத்தனை நாள் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். இப்போது அவள் வாயாலேயே படிக்க வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

இனி எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதைச் சொல்கிறேன். பழனியப்பன் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னான். மங்களம் இனிமேல் அங்கேயே இருக்கட்டும், சயாமுக்குப் போனவனை இனியும் எதிர்பார்ப்பதில் பலனில்லை, ஆடி அமாவாசைக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிடலாம் என்று நீங்கள் யாரிடமோ சொன்னீர்களாம்.

என் மகன் அர்ச்சுனன் லாரி ஏறியது போன வைகாசி ஒன்பதாம் தேதி. சயாமில் ரயில் பாதை போட மூன்று மாத வேலை என்றான் ஜப்பான்காரன். ரயில் பாதையே போட்டு முடித்துவிட்டார்களாம், சில்லிபின் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். முடிந்தது என்றால் ஆளை அனுப்ப வேண்டியதுதானே, அனுப்புவார்கள். அந்த லாரியில் இருபத்துமூன்று பேர். பெயர் வரிசை எனக்குத் தெரியும். யார் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் வரவில்லை என்றால் வழியில் இருக்கிறார்கள் என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன். ஏறும்போது அவன் திரும்பி, "அப்பா, புள்ளைய வெயில்ல உடாதீங்க" என்று சொன்னான். நான்தான் விட்டேன். அவன் வந்து என்னைக் கேட்கட்டும்.

பிள்ளையை இப்போதே அனுப்புங்கள் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு வாய் வரவில்லை. கொடி பாதிக் கூரைதான் மூடியிருக்கிறது. அந்த நாலு மரம் நின்ற இடத்தில் நாலு வாழைக்கன்று வைத்திருக்கிறேன். ஐப்பசிக்குள் இலை விரித்து சன்னலை மறைத்துவிடும். அதுவரை பேத்தி உங்கள் காற்றிலேயே இருக்கட்டும். எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. வலைத் தூளியில் ஆட்டும்போது ஒரு தடவை, லயத்தில் உனக்கு இன்னொரு தாத்தா இருக்கிறார் என்று அவள் காதில் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்.

மங்களம், இனி உனக்குத்தான். நீ படித்துக்கொண்டுதானே இருக்கிறாய். ஆடி அமாவாசையன்று உன் அப்பா என்ன சொன்னாலும், நெற்றிப் பொட்டு நெற்றியிலேயே இருக்கட்டும் அம்மா. எனக்காக வேண்டாம், ஐப்பசி வரைக்கும்.

நான் அங்கே வந்து உங்களோடு இருக்கலாம் என்று பழனியப்பன் சொன்னான். வர முடியாது. கதவு பூட்டிக் கிடந்தால் வருகிறவன் திரும்பிப் போய்விடுவான். வாசலோரம் மணல் பரப்பி, மண்பானையை அதில் புதைத்து வைத்திருக்கிறேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மணலை நனைக்கிறேன். தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். எனக்குத் தாகமெடுத்தால் ஓடைக்குப் போய்க் குடித்துக்கொள்கிறேன், அந்தப் பானையில் கை வைப்பதில்லை. அத்தனை தூரம் நடந்து வருகிறவன் முதலில் தண்ணீர்தான் கேட்பான்.

சம்பந்தி, உங்கள் கிணற்றுத் தண்ணீரைவிட அது குளிர்ச்சி.

முனியாண்டி உங்கள் எல்லோருக்கும் நிழலாக நிற்கட்டும்.

இப்படிக்கு,
அர்ச்சுனனின் அப்பா
சடையன் (கைநாட்டு)