நாலு பேருக்கு மேல்

நீ இறந்துபோய் மூன்று மாதம் கழித்து, நேற்று உன் கோட்டு பார்சலில் வந்தது. தூதரக விருந்துகளுக்கு நீ போடுகிற கறுப்புக் கோட்டு. ‘இது உங்களுக்குத்தான் வரணும்னு சொன்னார்’ என்று உன் மனைவி ஒரு சீட்டு வைத்திருந்தார். நாரணாபுரம் வெயிலில் இதை எங்கே மாட்டிக்கொண்டு திரிவது? ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பூச்சி உருண்டை வாசம். கண்ணை மூடினால், நான் பார்த்தே இராத ஊரில், பனி விழும் தெருவில் நீ முன்னே நடந்துகொண்டிருந்தாய்.

நாம் இரண்டு பேருமே பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர்கள் பெற்ற பிள்ளைகள். நீ படிப்போடு போனாய், நான் பட்டாசு மருந்தோடு நின்றுவிட்டேன். கோட்டாட்சியராக நீ நம் பக்கமே வந்தபோது என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சீசனில்தான், நான் ஃபோர்மேனாக இருந்த கம்பெனிக்கு நீ சோதனைக்கு வந்தாய். மருந்து அடைக்கிற அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஆர்டர் நெருக்கியதால் நான் ஏழு பேரை உட்கார வைத்திருந்தேன். ஏழாவது ஆள் என் பெண்டாட்டி. நீ வாசலில் நின்று எண்ணினாய்.

“எல்லாரும் வெளிய வாங்க” என்று மட்டும் சொன்னாய். சரக்கு உள்ளே இருக்க, அறைக்குச் சீல் வைத்தார்கள். சிநேகிதனே பூட்டிவிட்டான் என்று கம்பெனியே என்னைப் பார்த்துச் சிரித்தது.

சாயங்காலம் எப்போதும்போல வந்து, “ஏலே, சோறு இருக்கா?” என்றாய்.

“ஆபீசர்மாரு எங்க வீட்ல எல்லாம் கை நனைப்பீகளா?” என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

மூன்றாம் நாள் பட்டப்பகலில் அந்த அறைமேல் இடி விழுந்தது. சுவர்கூட மிஞ்சவில்லை. நீ ஓடி வந்து, “உள்ள யாரும் இல்லையேலே?” என்று கேட்டாய். “அதான் நீங்க பூட்டிட்டீகளே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு நீ மறுபடி தேர்வு எழுதி வெளியுறவுப் பணிக்குப் போனாய். போன நாட்டிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது. ‘இங்கன பனி சத்தமே இல்லாம விழுது. நம்மூர்க் காதுக்கு நம்பவே முடியலலே’ என்று ஒருமுறை எழுதியிருந்தாய். விருந்துகளில் ஒரு மூலையில் ஐந்து பேர் கூடிவிட்டால், நீ சிரித்துக்கொண்டே போய் ஒருவரைத் தோளில் கைபோட்டு வேறு பக்கம் அழைத்துப் போவாயாம். எல்லாரோடும் கலந்து பழகத் தெரிந்தவர் என்று மற்ற தூதர்கள் மெச்சினார்களாம். ‘எண்ணுறத நிறுத்த முடியலலே, அம்புட்டுத்தான்’ என்று எனக்கு மட்டும் எழுதினாய். ஒரு கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. வீம்பு, வேறென்ன?

போன வருஷம் போனில் கூப்பிட்டாய். “சும்மாதாம்லே கூப்பிட்டேன்” என்றாய். குரல் தேய்ந்திருந்தது. லோடு ஏறுது, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டேன். அப்போதே உனக்கு நோய் முற்றியிருந்தது என்று சீட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சீசன் நேரத்தில் இடி இடித்தாலும் நான் வேலையை நிறுத்தியிருக்க மாட்டேன். ஏழு பேரும் உள்ளேதான் இருந்திருப்பார்கள். இது எனக்கு அன்றைக்கே தெரியும். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருக்கிறேன். நீ பூட்டினது சரிதாம்லே.

அடுக்களையிலிருந்து என் பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, தெரியுமா?