இல்லாத விரலுக்குத் தடவிய களிம்பு

காசிமேடு
3.6.2024

அன்புள்ள கெங்காவுக்கு,

இங்கு நலம், அங்கு எப்படி? போனில் என் குழறல் கேட்கப் பிடிக்கவில்லை, எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு எண்ணூரில் அம்மா வீட்டுக்குப் போனாய். இடது கையால் எழுதுகிறேன். வலது கையின் மூன்று விரல்களை வலை இழுக்கிற வின்ச் இயந்திரத்தின் கயிறு கொண்டுபோய்ப் பதினோரு மாதமாகிறது.

வலி மாத்திரை போட்டால் வலி போவதில்லை, நான்தான் அதை விட்டு எங்கோ போய்விடுகிறேன். வீடு மெல்ல ஆடுகிறது. கூரைக்கு மேலே தண்ணீர், அதில் நீ வலை உலர்த்துகிறாய். இறங்கி வர மனசே வருவதில்லை.

மாத்திரையா நானா என்று கேட்டாய். நீதான். டாக்டர் அதை வாரவாரம் குறைக்கிறார். பதிலுக்கு யானைக்கவுனி மருந்துக்கடையில் ஹஃப்சா என்ற பெண், டாக்டர் சீட்டைப் பார்த்து எனக்கென்றே மூன்று மருந்தை அளந்து கலந்து ஒரு களிம்பு தந்தாள். டப்பாமேல் என் பெயர் போட்டிருக்கிறது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

உன் தம்பி மணியைக் கேட்டதாகச் சொல்ல மாட்டேன். வின்ச்சை ஓட்டத் தெரியாமல் என் விரலைக் கொண்டுபோனவன் லாஞ்சுப் படகில் ஏறக்கூடாது.

உன்,
வேலப்பன்

எண்ணூர்
12.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

முதல் பக்கம் எழுத்து கோட்டில் நிற்கிறது. தண்ணீர், கூரை என்று வந்ததும் மேலே மிதக்கிறது. நடுவில் மாத்திரை ஒன்று போட்டீர்கள். மிதக்கிற எழுத்தில்தான் நான் அழகாக இருக்கிறேன், அது வேறு விஷயம்.

மணியைப் பற்றி இனி எழுதாதீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு எவரும் அவனைப் படகில் சேர்ப்பதில்லை. சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போகிறான். களிம்பு கேட்கிறதா?

கெங்கம்மா

காசிமேடு
20.7.2024

அன்புள்ள கெங்காவுக்கு,

மூன்று வாரம் களிம்பு கேட்கவே இல்லை. ஹஃப்சாவிடம் சண்டைக்குப் போனேன்.

“எங்க தடவிகினு கீற நைனா?”

“வலிக்கிற எடத்துலதான். நீதானம்மா சொன்ன. விரல் நுனிலதான் வலிக்குது.”

விரல் இருந்தால் நுனி எங்கே வருமோ, அங்கே பாய்மேல் தடவிக்கொண்டிருந்தேன், கெங்கா. பாதி டப்பாவைப் பாய் குடித்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. தழும்பைத் தொட்டு, “விரல் இன்னும் கீதுன்னு மூளை நினைச்சிகினு கீது. நீ இங்க தடவு,” என்றாள்.

இப்போது பாதி வலிதான். மாத்திரை நின்று பத்து நாள். காலையில் அலைத் தடுப்புக் கல்லில் உட்காருகிறேன். இல்லாத விரல்களில் ஈரம் தெரிகிறது, அது சுகமாகத்தான் இருக்கிறது.

தலை தெளிந்ததும் அந்த நாளும் தெளிவாக வந்தது. வின்ச் பக்கத்தில் நின்று மணி என் முகத்தையே பார்க்கிறான். “இழு” என்று கத்தியது நான். கயிற்றிலிருந்து கையை எடுக்காமலே கத்தினேன். அவன் சொன்னதைச் செய்தான். இதை மறந்துபோனேன் என்று சொல்லலாம். நினைத்துப் பார்க்க விரும்பவில்லை என்பதுதான் நிஜம். வெட்கமாக இருக்கிறது.

இனி நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

வேலப்பன்

எண்ணூர்
28.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எழுத்து முழுக்கக் கோட்டிலேயே இருக்கிறது. மணிக்குப் படித்துக் காட்டினேன். “இன்னொரு வாட்டி படிக்கா,” என்றான். மூன்று வாட்டி படித்தேன்.

அப்புறம் சொன்னான்: “எனக்குத் தெரியும்கா. இழுன்னு அவரு கத்துனது சரியாத்தான் காதுல விழுந்துச்சு. கை போய்ப் படுத்துகினு கீற மனுசன்கிட்ட, உன்னாலதான்னு எப்டி சொல்றது?”

ஒரு வருஷம், மாமா. உங்கள் வலிக்கு அளந்து கலந்து தர ஆள் இருந்தது. அவன் எதுவுமே இல்லாமல் தாங்கியிருக்கிறான். உங்கள்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. மறைக்காமல் எழுதினீர்களே என்று கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டதும் நான்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மணியும் காசிமேட்டுக்கு வருகிறோம். வீட்டுக்கு அல்ல, மீன் ஏலம் போடுகிற இடத்துக்கு. லாஞ்சுக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். கத்தியது நீங்கள்தான் என்று அவர்கள் காதுபட வாயால் சொல்லுங்கள். மணி வேண்டாம் என்று தடுப்பான், நிறுத்தாதீர்கள். சொல்லி முடித்த பிறகு வீட்டுச் சாவியை என்னிடம் கொடுங்கள்.

உங்கள்,
கெங்கா