காலைத் தேய்க்கக் கூடாது

அக்கா,

நேற்று கம்பத்திலிருந்து வரும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, குமுளியில் வாங்கிய தைலத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு உத்தமபாளையம் வரை டிக்கெட். அந்த வாசனை பொறுக்காமல் அனுமந்தன்பட்டியிலேயே இறங்கி மீதித் தூரம் நடந்தேன்.

உன் இடது கால் வீங்கிய வாரம், தேனியில் ஸ்கேன் எடுத்த டாக்டர், தொடையின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பதாகச் சொன்னார். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. ஆஸ்பத்திரியில் சேர்ந்து ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொள்ளலாம், அல்லது அதே ஊசியை வீட்டிலேயே வயிற்றில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட ஆள் உண்டா, போன் உண்டா, அவசரத்துக்குக் கார் கிடைக்குமா என்று கேட்டார். எல்லாம் உண்டு என்றேன். "கால மட்டும் யாரும் தேய்ச்சு விட்றக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

உனக்கு வீடுதான் வேண்டும். "ஏலே, ஆஸ்பத்திரின்னா ஊரே வேன் புடிச்சு வந்துரும்டா. வீட்லனா செத்த நிம்மதியாப் படுத்துக்கிருவேன். நீயே சொல்லு, படிச்சவன்ல?" அத்தான் ஆஸ்பத்திரி என்றார். நான் வீடு என்றேன். நம் குடும்பத்தில் என் பேச்சு எடுபட்ட ஒரே நாள் அது.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் என்று ஒன்று உண்டு. வீட்டில் கிடையாது என்பது பிறகுதான் புரிந்தது. ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்துகொண்டே இருந்தார்கள். நம் பக்கத்தில் வலிக்கிற இடத்தை நீவிவிட்டால்தான் நோயாளியைப் பார்த்ததாக அர்த்தம். காலண்டர் அட்டையின் பின்புறம் 'காலைத் தேய்க்கக் கூடாது' என்று எழுதிக் கட்டிலில் கட்டினேன். அதைச் சத்தமாகப் படித்து, "தம்பி நல்லா எழுதிருக்காப்ல" என்று பாராட்டிவிட்டுத்தான் கையை நீட்டினார்கள். நீ சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொள்வாய்.

ஐந்தாம் நாள் கம்பத்திலிருந்து பெரியம்மா தைலப் புட்டியோடு வந்தார்.

"டாக்டர் தேய்க்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக, பெரியம்மா."

"யாருய்யா தேய்க்கா? சும்மா தடவித்தான விடுறேன். ஆத்தா, காலு கல்லாக் கெடக்கேடி!"

அவர் கை உன் கெண்டைக்காலில் அழுந்தியது. நீ என்னைப் பார்த்தாய். நான் அந்தக் கையைப் பிடித்து எடுத்திருக்க வேண்டும். நம் இருவரையும் தூக்கி வளர்த்த கை. "காப்பி கொண்டாரேன், பெரியம்மா" என்று சொல்லி அடுப்படிக்குப் போனேன். ஊரில் ஒருவரையும் விடாமல் கேலி செய்து எழுதுகிறவன் நான்.

மறுநாள் காலை உனக்கு மூச்சு வாங்கியது. கார் உடனே கிடைத்தது. அந்த விஷயத்தில் டாக்டரிடம் நான் பொய் சொல்லவில்லை. வீரபாண்டி தாண்டும்போது உன் பிடி தளர்ந்தது. தேனி வரை நீ வரவில்லை.

தேய்த்ததால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரியில் இருந்தாலும் நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னார். அன்றிலிருந்து எந்த இடத்திலும் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை எனக்கு. பெரியம்மாவிடம் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம் அவர் சொல்கிறார்: "நீ வீட்ல வச்சுப் பாத்ததாலதான்யா, கடைசியா அவ கால ஒருதரம் தடவி விடக் குடுத்து வச்சுச்சு."

போன மாதம் எதிர்வீட்டுக்காரருக்கும் இதே கட்டி, இதே ஊசி. ஆஸ்பத்திரியா, வீடா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். "வர்றவுக கையத் தட்டிவிட வீட்ல ஆள் இருக்கா?" என்றேன். "அதுக்கு நீங்க இருக்கீகல்ல" என்றார்கள்.

பத்து நாள் அவர் கட்டிலருகே காவல் இருந்தேன். மூன்று பேர் கையைப் பிடித்து எடுத்தேன். அதில் ஒன்று அவரைப் பெற்றவளின் கை. மரியாதை தெரியாதவன் என்று தெருவில் பேர் வாங்கியாயிற்று. அவர் இப்போது நடமாடுகிறார்.

அந்த அம்மாளின் கையை விலக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா.