கீரிப்பாறைப் படங்கள்

சுசீந்திரம்,
ஐப்பசி 6, வியாழக்கிழமை.

அன்பு மகள் சுஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஆதிராவும் சுகமாக இருப்பதாக ஜெஸ்மி வக்கீல் சொன்னாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்படியே இருக்கட்டும். எனக்குத் தெரியாததை, என் கழுத்தை நெரித்தாலும் யாரும் வாங்க முடியாது.

ஜெஸ்மி நாளைச் சாயங்கால வண்டியில் உன்னைப் பார்க்கக் கிளம்புகிறாள். சனிக்கிழமை காலை இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு உடனே படி. ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் மகேஷ்குமாரை உன் அப்பா வெட்டப் போகிறார். இல்லாவிட்டால் அவன் கையால் வெட்டுப்பட்டுச் சாகப் போகிறார். இரண்டில் ஒன்று நிச்சயம். தடுக்க உன்னால்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

மகேஷ்குமாரை உன் புருஷன் என்று எழுதக் கை கூசுகிறது. அந்தப் பாவி புரட்டாசி மாதம் ஜாமீனில் வந்துவிட்டான். ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் நம் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவான். வாசலில் பைக்கை நிறுத்தி உறும விடுவான். ஒரு நாள் நான் முற்றம் தெளித்துக்கொண்டிருந்தேன். "அத்தே, அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்கோ. அன்னைக்கு அரையும் கொறையுமா விட்டத முடிச்சிட்டுப் போயிருதேன்" என்றான், இரவல் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கிற மாதிரி. சாணித் தண்ணீர் வாளியை அப்படியே அவன் முகத்தில் வீசினேன். துடைத்துக்கொண்டு சிரித்தான். உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன். ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். "சாணி ஊத்துனது நீங்கதானம்மா" என்று என்னையே கேட்டார்கள். அப்பா அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வரவில்லை. எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சம் அல்ல.

வேறு செய்தி என்றால், கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து வயலில் மறுபடி தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். என் அங்கன்வாடியில் இந்த வருஷம் பதினான்கு பிள்ளைகள். ஆதிரா வயசில் ஒருத்தி இருக்கிறாள், முட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்பாள். அவள் தட்டில் மட்டும் நானே மஞ்சளை எடுத்துவிட்டு வைக்கிறேன். நீ ஆதிராவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாயா? ராத்திரி இன்னும் அலறி எழுந்திருக்கிறாளா? கழுத்துத் தையல் போட்ட இடம் குளிருக்கு இழுத்துப் பிடித்தால் தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தடவு, அழுத்தித் தேய்க்காதே.

இனி அப்பா விஷயம். அவருக்கு இருந்த படக் கிறுக்கு உனக்குத் தெரியாததா. வடசேரி பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்து, வருகிற பஸ் போகிற பஸ்ஸுக்கெல்லாம் நேரம் எழுதிய மனுஷன். ரிட்டயர் ஆனதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் மலைக்கும் போக ஆரம்பித்தார். பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனால் என்னை வெயிலில் நிற்க வைத்துவிட்டு ஜன்னல் ஜன்னலாகப் படம் எடுப்பார். சுந்தர்சிங் நடத்துகிற ஃபேஸ்புக் குழுவில் எல்லாரும் 'இனிய காலை', 'இயற்கையின் அழகு' என்று எழுதிப் போட, இவர் மட்டும் ஊர், கிழமை, மணி, நிமிஷம் எழுதிப் போடுவார். "அண்ணாச்சி படத்தப் பாத்தா பஸ்ஸுக்கு நிக்க மாதிரி தோணுகு" என்று சுந்தர்சிங் கேலி செய்வான். இவருக்கு அதில் பெருமை வேறு.

அந்தப் பழக்கம்தான் உன்னை வெட்டியது. ஆரல்வாய்மொழியில் என் சிநேகிதி செல்லத்தாய் வீட்டுப் பின்பக்கத்தில் உன்னை ஒளித்து வைத்தோம். யாருக்கும் சந்தேகம் வராமல் உன்னையும் பேத்தியையும் வந்து பார்க்க அவருக்கு இருந்த ஒரே சாக்கு அந்தக் கேமரா. உங்கள் நிழல்கூட ஒரு படத்திலும் விழாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் போட்டார். காற்றாலைக் காற்றாடி, மலை, மேகம், அவ்வளவுதான். ஆனால் நான்கு வாரமும் அடியில் 'ஆரல்வாய்மொழி, ஞாயிறு, காலை 6.12' என்று எழுதினார். நான்காவது படத்தில் காற்றாடித் தூணில் பெயின்ட் அடித்திருந்த நம்பரும் தெளிவாக இருந்தது. குழுவில் இருந்த ஷிபின் அதைத் தன் கூட்டாளி மகேஷ்குமாருக்கு அனுப்பினான். ஐந்தாவது ஞாயிறு கதவு தட்டுகிற சத்தம் கேட்டு, அப்பா என்று நினைத்துத் திறந்தாய். அவன் உன் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து, போனை உன் கண்ணுக்கு நேரே நீட்டி, "ஒங்கப்பன் டைம் போட்டு வழி சொல்லித் தந்திருக்காரு பாரு" என்று காட்டிவிட்டுத்தானே கழுத்தில் வெட்டினான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நீ அவரிடம், "இனி எம் முகத்துல முழிக்காதீங்க" என்றாய். இருபத்திரண்டு தையலோடு கிடக்கிறவள் அப்படித்தான் சொல்வாள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ மயங்கி விழுந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இன்றைக்கு அதை உடைக்கிறேன். செல்லத்தாய் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

அவன் இரண்டாவது வெட்டுக்கு ஓங்கினான். கேமராவோடு மேட்டில் நின்ற அப்பா ஓடி வந்து கத்தியை வெறுங்கையால் பிடித்தார். அவன் உருவினான். வலது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் சரளைக் கல்லில் விழுந்தன. விரல் போனது உனக்குத் தெரியும். அத்தோடு அவன் நிற்கவில்லை. "புள்ள எங்க? அதுவும் ஒங்கூடப் போட்டும்" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஏறினான். அப்பா படியில் குப்புற விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டார். கத்தியின் முதுகால் தோளில் அடித்தான். விடவில்லை. மற்றக் காலால் முகத்தில் மிதித்தான். முன்பல் மூன்று போயிற்று. அப்போதும் விடவில்லை. அவரை இழுத்துக்கொண்டே அவன் அடுக்களை வாசல் வரை போனான். சிமெண்டுத் தரை முழுக்க ரத்தம் பட்டையாக இழுபட்டிருந்ததை நானே என் கையால் கழுவினேன். ஆதிரா அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கும் அவளுக்கும் இடையில் நான்கு அடி. அப்பா மீதிப் பல்லால் அவன் கெண்டைக்காலைக் கடித்தார். சதை வாயோடு வருகிற வரை கடித்தார். அந்த நேரத்தில்தான் செல்லத்தாய் பின்வாசல் வழியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆனி மாதக் காற்றில் அவள் கூப்பிட்டது ரோட்டில் யாருக்கும் கேட்கவில்லை. காற்றாடிக் காவலாளி வந்து கல்லால் எறிந்து அவனைத் துரத்தக் கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை உன் அப்பா பிடியை விடவில்லை.

இதை ஏன் அவளிடம் சொல்லக் கூடாது என்று சண்டை போட்டேன். "எமனுக்கு விரல் சூண்டி வழி காட்டிக் கூட்டிட்டு வந்தது நான். அவன் காலப் புடிச்சி வச்சதுல என்னட்டி பெரும?" என்றார்.

மகளே, இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். முகத்தில் விழிக்கக் கூடாதவள் நான்தான். கையை முறித்து அனுப்பினான், அம்மா என்று வந்தாய். நான் உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். வயிற்றில் மிதித்து அனுப்பினான். திரும்பவும் கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் தடவை நீ என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறமாட்டேன் என்றாய். ஊர் என்ன சொல்லும் என்று உன் விரலைப் பிரித்துவிட்டு ஏற்றினேன். நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற கை இது. உன் அப்பா தெரியாமல் காட்டிக்கொடுத்தார். நான் தெரிந்தே கொடுத்தேன். என்னிடம் நீ இன்னும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை.

இப்போது நடக்கிறதைக் கேள். சம்பவத்துக்குப் பிறகு மூன்று மாதம் அப்பா கேமராவைத் தொடவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு விடியற்காலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனுஷன் தேறிவிட்டார் என்று நான் புட்டும் பயறும் செய்து வைத்துக் காத்திருந்தேன். அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். நேற்று சுந்தர்சிங் வந்தான். "அக்கா, அண்ணாச்சி மறுபடி படம் போடுதாரு, நல்லாருக்கு. பேத்தியும் கூடப் போறாளா?" என்று போனைக் காட்டினான்.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஆளில்லாத ஒரு ஓட்டு வீடு. முன்னால் கொடியில் மஞ்சள் கவுன் ஒன்று காய்கிறது. வாத்துப் படம் போட்ட கவுன். நீ இங்கே விட்டுவிட்டுப் போன ஆதிராவின் கவுன். அடியில் 'கீரிப்பாறை, ஞாயிறு, காலை 6.12'. மூன்று படமும் அதே வீடு, அதே நேரம். மூன்றாவதில் ரோட்டோர மைல்கல்கூடத் தெரிகிறது. மூன்றுக்கும் ஷிபின் விருப்பக்குறி போட்டிருக்கிறான். அவனுக்கு இவர் தூண்டில் போடுகிறார் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

அப்புறம்தான் வாழைகள் நினைவுக்கு வந்தன. கொல்லையில் குலை தள்ளாத வாழை நான்கை வெட்டிப் போட்டிருந்தார். ஒன்றை முழங்கால் உயரத்தில், ஒன்றை இடுப்பு உயரத்தில், இரண்டைக் கழுத்து உயரத்தில். எதுக்கு இப்படி வெட்டுதியோ என்று கத்தியபோது, இடது கை பழகணும் என்றார். பிடிப்பு இல்லாத வலது கைக்குப் பதிலாக இடது கையால் எழுத, சாப்பிடப் பழகுகிறார் என்று நினைத்த மடச்சி நான். புது வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டுபோய் அங்கன்வாடியில் பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். இன்று காலை பார்த்தால் கோழிக்கூட்டுக்கு மேல் இன்னொன்று இருக்கிறது, தீட்டி, துணியில் சுற்றி.

நேருக்கு நேர் கேட்டேன். மறைக்கவில்லை. "அவன் உயிரோட இருக்கது வர அவ எந்த ஊர்லயும் பயமில்லாமக் கதவத் தொறக்க மாட்டா" என்றார். அவன் முப்பத்துநாலு வயசுத் தடியன், நீங்கள் மூச்சிரைக்கிற கிழவன், நீங்கள் திரும்பி வரவேண்டாமா என்றேன். "வந்து யாரு மூஞ்சியப் பாக்க?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. போய்க் கோழிக்குத் தீனி போட்டார்.

சுந்தர்சிங்கிடம் சொல்லிக் குழுவில் இருந்து அந்தப் படங்களை நீக்க வைத்துவிட்டேன். ஆனால் இந்த வாரம் அந்தப் பாவி நம் தெருப்பக்கமே வரவில்லை. தேடியது கிடைத்துவிட்டது என்று நம்பிவிட்டான். ஸ்டேஷனில் போய் அழுதேன். "மரத்தப் படம் எடுத்துப் போடது ஒரு குத்தமாம்மா?" என்றார்கள். அப்பாவை வீட்டில் வைத்துப் பூட்டலாம். ஒரு ஞாயிறு பூட்டலாம், இரண்டு ஞாயிறு பூட்டலாம். அப்புறம்?

அவன் மேல் இரக்கப்பட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அவன் லாரியில் அடிபட்டுச் செத்தால் நான் பாயசம் வைத்துத் தெருவுக்கே ஊற்றுவேன். தை மாதம் கேஸ் விசாரணைக்கு வருகிறது. செல்லத்தாய் சாட்சி சொல்கிறேன் என்கிறாள். அவன் காலில் உன் அப்பாவின் பல் தடம் இருக்கிறது. அவனைப் பத்து வருஷத்துக்காவது உள்ளே வைக்கலாம் என்று ஜெஸ்மி உறுதியாகச் சொல்கிறாள். நாளைக்கு இவர் கூண்டில் நின்றால் அந்தக் கேஸ் என்ன ஆகும்? இவர் கீரிப்பாறையில் விழுந்து கிடந்தால் அவன் அடுத்து எந்த ஊருக்கு வருவான்?

உங்கள் இருவரையும் தாணுமாலயன் காக்கட்டும். ஆதிராவுக்கு என் முத்தம். மழைக்காலம், வெந்நீர் கொடு.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெஸ்மியின் போனில் இருந்து என்னைக் கூப்பிடு. நான் பேசமாட்டேன், போனை அவர் காதில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவேன். அப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை என்றால் கூப்பிட வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம், அது உன் இஷ்டம். ஆத்திரம் தீருமட்டும் திட்டு. திட்டி முடித்து, மிச்சத்தை ஒரு நாள் நேரில் வந்து திட்டுவேன், அதுவரைக்கும் இருங்கள் என்று சொல். உன் திட்டை வாங்குவதற்காகவாவது அவர் உயிரோடு இருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
அழகியநாயகி