செலவில்லாமல் ஊர் காட்டியது

11 பிப்ரவரி 1978, சனி
காலையிலேயே புழுக்கம். மஞ்சள் புடவைக்கு இஸ்திரி பாக்கி.

நாளை திருநெல்வேலியிலிருந்து ஒரு வரன். பெண் பார்க்க அல்லவாம், ஊர் பார்க்க. வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாமென்றால் ஸ்ரீவராகம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஏற்கெனவே மூன்று தடவை தெரிந்தாயிற்று. அதனால் சித்தப்பாவின் யோசனை: அவர் ஊர் சுற்றிக் காட்டுவார், நானும் அம்மாவும் தற்செயலாகக் கூடப் போவோம். எல்லாம் டிக்கெட் இல்லாத இடங்கள். மியூசியம் தோட்டம் (கட்டிடத்துக்குள் கூடாது), சங்குமுகம் கடற்கரை, மேத்தன் மணிக் கடிகாரம், கோயில்.

அம்மாவின் உத்தரவு ஒன்றுதான். கண்ணாடி கூடாது. "ரெண்டு நாழி போட்டுக்கலேன்னா உயிரா போயிடும்?"

போகாது. எரிச்சல்தான்.

12, ஞாயிறு
நல்ல வெயில். கடற்கரையில் மட்டும் காற்று.

பையன் கிருஷ்ணன், பாங்க் வேலை. இனி கி. கூட அவர் அம்மா. இருவரும் கலங்கலாகத்தான் தெரிந்தார்கள். குரல் பிடித்தது. தோட்டத்தில் ஒரு மரத்தின் பெயர்ப்பலகையைக் காட்டி, இது என்ன மரம் என்று கேட்டார். படிக்க முடிந்தால்தானே. பெரிய மரம் என்றேன். சிரித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சங்குமுகத்தில், கடலுக்கும் டிக்கெட் இல்லை என்று சித்தப்பா பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஐந்துக்கு மேத்தன் மணி. கடிகாரத்தின் மேல் தாடிக்காரப் பொம்மை வாயைத் திறக்க, இரண்டு ஆட்டுப் பொம்மைகள் அதன் கன்னத்தில் முட்டும். நானும் பார்த்த மாதிரி அண்ணாந்து நின்றேன்.

எதிரே கோயில். கி.யின் அம்மாவுக்குத் திடீரென்று தலைவலி, இன்னொரு நாள் வருகிறோம் என்றாள். இவ்வளவு தூரம் வந்து பத்மநாபனைப் பார்க்காமலா என்றார் சித்தப்பா. ஆண்கள் சட்டையைக் கழற்றினால் போதும், வேட்டிதான் கட்டியிருக்கிறாரே.

கி. பொத்தானில் கை வைத்தார். அவர் அம்மா கையைப் பிடித்தாள்.

"விடும்மா. அவாளும் பாத்துக்கட்டும்."

சட்டை கழன்றது. அவர் என் பக்கம் திரும்பி நிற்கிறார், அதுமட்டும் தெரிகிறது. ஒளித்து எடுத்துப் போயிருந்த கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா கிள்ளினாள்.

நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாகத் தழும்பு. காலேஜில் படிக்கும்போது இருதய ஆப்பரேஷன், இப்போது ஒரு தொந்தரவும் இல்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணாடி உண்டா?"

"பத்து வயசிலேர்ந்து."

"அப்போ அந்த மரம்?"

"பலகையே தெரியலை."

உள்ளே மூன்று வாசலிலும், பள்ளிகொண்ட பெருமாளின் முகத்திலிருந்து பாதம் வரை, தரிசனம் தெளிவாக.

13, திங்கள்
ஆபீஸில் கூட்டல் இரண்டு தடவை தப்பு. வீட்டில் ரகளை. நெஞ்சைக் கீறினவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அம்மா. எனக்கும் பயம்தான். சீக்கிரம் போய்விட்டால்? ஆனால் அவர் சட்டையோடு திரும்பிப் போயிருக்கலாம்.

14, செவ்வாய்
தரகர் வந்தார். பையனுக்குச் சம்மதம். என் கண்ணாடிதான் அவர் அம்மாவுக்குக் குறையாம். அதைக் கேட்டதும் எங்கள் அம்மாவுக்கு ரோஷம். என் பெண்ணுக்கு என்ன குறை என்கிறாள்.

நீ என்ன சொல்கிறாய் என்று அப்பா. சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

ஆபீஸ் விட்டு மியூசியம் தோட்டம். தனியாக, கண்ணாடியோடு. பலகையைப் படித்தேன்.

அப்பாவிடம் சரி என்று சொல்லியாயிற்று. மகாகனி மரம் என்று கி.க்கு நான்தான் சொல்வேன்.