வெயில் பையும் கடைசிப் பக்கமும்

என் பிரியமான ஸ்டெல்லாக்காவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதிக் கோபம் என் மேலேயேதான். அது ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மார்கழியில் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டீர்கள். தை பிறந்ததும் புதுத் தலைமையாசிரியர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் காகிதம் என்றால் பயம். நம் தொடக்கப் பள்ளியில் இப்போது அவரும் நானும் மட்டும். உங்கள் நாற்காலியில் அவர் உட்காருவதைப் பார்த்துப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

நம் நூலகம் அப்படியேதான் இருக்கிறது. வெளியாள் பார்த்தால் சிரிப்பான். இரண்டாம் வகுப்பு மூலையில் ஓர் இரும்பு பீரோ, மேலே மூன்று அட்டைப் பெட்டிகள். ஆடிப் பெட்டியில் காற்றும் விதையும் பற்றிய புத்தகங்கள், கூடவே காற்றாடி செய்ய வண்ணத் தாள். ஐப்பசிப் பெட்டியில் மழை, தவளை, குடை. தைப் பெட்டியில் மாடு, மஞ்சள், கரும்பு. சித்திரைக்கு மட்டும் பெட்டி கிடையாது, பை. திருப்பூரிலிருந்து பனியன் துணித் துண்டுகளை மூட்டையாக வாங்கி வந்து நீங்களே தைத்த வெயில் பைகள். ஒவ்வொன்றிலும் மூன்று புத்தகம், ஒரு பென்சில், ஒரு வேலைத் தாள். இன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, உன் நிழல் எப்போது குட்டையாக இருந்தது, வீட்டில் யாருக்குப் படித்துக் காட்டினாய் என்று அதில் கேள்விகள் இருக்கும்.

இதெல்லாம் எதற்கு, லீவில் விளையாடட்டுமே என்று நான்தான் முதலில் கேட்டேன். அன்றைக்கு நீங்கள் உங்கள் கதையைச் சொன்னீர்கள். கோடை லீவில் அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போனது, இரண்டு மாதம் ஓர் எழுத்தைக்கூடப் பார்க்காதது, ஜூனில் வகுப்பில் எழுந்து நின்று படிக்கத் தெரியாமல் அழுதது. "எனக்கு மறந்துபோச்சு ரேவதி. வெக்கமா இருந்துச்சு. இந்தப் புள்ளைகளுக்கு அது வரக்கூடாது" என்றீர்கள். உங்களை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். "அவிய என்ன நம்ம சனமா?" என்று என் மாமியார் வீட்டில் கேட்டார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லவே இல்லை. இன்று வரை அது உறுத்துகிறது.

பங்குனி முடியும்போது நூலகத்தைச் சரிபார்க்க ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. புத்தகத்தில் கிறுக்கல் இருந்தால் சேதம் என்று எழுதிக் கழித்துவிடுவார்களாம். தலைமையாசிரியர் ஒரு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். உங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாதே. புத்தகம் எந்த ஊருக்குப் போனது, யார் கேட்டார்கள் என்று பிள்ளைகள் பென்சிலில் எழுதி எழுதி நிறைந்திருந்த பக்கம் அது. அவருக்கு வியர்த்துவிட்டது.

அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள். மைதா பசை காய்ச்சி, ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் வெள்ளைத் தாளை ஒட்டினேன். யாரும் என்னை ஒட்டச் சொல்லவில்லை. புத்தகம் பிழைத்தால் போதும் என்று நானே செய்துபோட்டேன். வந்தவர் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நான் பல்லைக் காட்டினேன், அக்கா. அவர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். இவ்வளவு சுத்தமாக இருப்பதை வெளியே விட வேண்டாம், ஜூன் வரை பீரோவைப் பூட்டியே வையுங்கள் என்றார். தலைமையாசிரியர் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசி வேலை நாளன்று காலையில் நான்காம் வகுப்புக் கனிஷ்கா வந்து நின்றாள். இந்த வருஷமும் அவர்கள் வீட்டில் கொடுமுடிப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார்கள். வெயில் பை எப்போது என்று கேட்டாள். இந்த வருஷம் இல்லை கண்ணு என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் தவளைப் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றாள். வகுப்பில் படிக்க வெளியே எடுத்திருந்தது மேசையில்தான் கிடந்தது. எடுத்தவள் தவளையைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"டீச்சர், எங்கம்மா எழுதுனதக் காணமுங்க."

போன கோடையில் அவள் அம்மா செல்வி முதல் முறையாக ஒரு வரி எழுதினாள், மகள் சொல்லிக் கொடுத்து. அதை நீங்கள் வகுப்புக்கெல்லாம் படித்துக் காட்டினீர்கள். அதன் மேல்தான் நான் பசை தடவியிருக்கிறேன்.

பிள்ளையை அழைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். கைக்குட்டையை நனைத்து ஒற்றி ஒற்றி, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தோம். பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் இருந்தது. "எம்புள்ள படிச்சா. நான் கேட்டேன். செல்வி. கொடுமுடி." கனிஷ்கா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். வெயில் பை இன்றைக்குப் போகிறது, சாவியைக் கொடுங்கள் என்றேன்.

"ஏனுங்க டீச்சர், மேல கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்றார்.

"என்னையக் கூப்புடுங்க சார். பொறுப்பு என்ர பேர்லயே எழுதிக்குங்க. கேக்கறவியளுக்குக் கடைசிப் பக்கத்த நானே படிச்சுக் காட்டறேன்."

சத்தமாகப் பேசவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை. அவர் என்னையும் குழாயடியில் நின்ற பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், எழுத்தில் கொடுங்கள் என்றார். அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாவி மேசைக்கு வந்தது.

மதியம் பள்ளி முழுக்கக் குழாயடியில்தான். ஒன்றாம் வகுப்புக்காரர்கள் துணி நனைக்க, பெரியவர்கள் தாளை உரித்தார்கள். சில பக்கங்கள் கிழிந்தன, மறைக்க மாட்டேன். கிழிந்தவற்றின் கீழே நான்தான் கிழித்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். சாயங்காலம் எல்லாப் பையும் தோளில் தொங்கிக்கொண்டு வாசலைத் தாண்டியது. ஜூனில் எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. நோட்டீசோ இடமாற்றமோ, வரட்டும். உரித்ததை மறுபடி ஒட்டப் போவதில்லை.

உரிக்கும்போது ஒரு காற்றாடிப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து வந்தது. "படித்துக் காட்டியது: ரேவதிக்கு. இடம்: தாராபுரம் பஸ் ஸ்டாண்டு. பாதியில் தூங்கிவிட்டாள்." எத்தனை நாளாக இதை ஒளித்து வைத்திருந்தீர்கள்? பிள்ளைகள் எல்லாரும் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் தாங்க முடியாமல் வகுப்புக்குள் போய் அழுதேன்.

அந்தப் புத்தகம் இப்போது என் பையில் இருக்கிறது. ஆமாம், எனக்கும் ஒரு வெயில் பை எடுத்துக்கொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்கு வருவேன். என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். எங்கே போகிறோம் என்று கேட்டார், என் அக்காவைப் பார்க்க என்றேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை சத்தமாகப் படிப்பேன், தூங்க மாட்டேன். முடித்துவிட்டு உங்கள் வரிக்குக் கீழே நான் ஒரு வரி எழுதுவேன். படித்துக் காட்டியது: ஸ்டெல்லாக்காவுக்கு. கூடக் கேட்டது: என் மாமியார்.

யார் கேட்டாலும் உங்கள் கூடப்பிறந்தவள் என்றே சொல்லப்போகிற தங்கச்சி,
ரேவதி